தலைகீழாய்க் காய்த்த வெண்டை

தங்கை: அந்தக் கம்பி மின்னுது அண்ணா. தெருவுல போறவன் கண்ணுலகூட படும்.

அண்ணன்: செம்புக் கம்பி. இதவிட மெல்லிசு கெடையாது. மோட்டாருக்கே இதத்தான் சுத்தறேன், வெண்டைக்காய்க்கு ஆகாதா?

தங்கை: மோட்டாருக்கு உள்ள சுத்தற, மூடிடற, யாரும் பாக்கப்போறதில்ல. இத அண்ணி பாக்கப்போறாங்க. கம்பிய அவுத்துடு. என் பையில பச்சை நூல் இருக்கு.

அண்ணன்: தைக்கிற நூலு கனம் தாங்குமா?

தங்கை: ஊர்ல இருக்கற அத்தனை பேரு ரவிக்கையும் தாங்குது. உன் வெண்டைக்காயத் தாங்காதா?

அண்ணன்: பேசிட்டே நிக்காத குருவி. கட்டு, கட்டு. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் கெளம்பிடுவாங்க. மக கூட இருக்கா, மாப்பிள்ளை வேற வண்டிய வேகமா ஓட்டுவாரு.

தங்கை: ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. காய் பச்சையா இருக்கும், சரி. செடி? பழைய தொடப்பம் மாதிரி நிக்குதே. தொடப்பத்துல காய் காய்ச்சதுன்னா அண்ணி நம்புவாங்களா?

அண்ணன்: தூரத்துலேருந்து பாத்தா...

தங்கை: எவ்ளோ தூரம்? அடுப்பங்கரை ஜன்னல் இதோ இருக்கு. கைய நீட்டினா செடி.

அண்ணன்: ஜன்னல்ல திரை கட்டிட்டேனே.

தங்கை: அது திரையா? போர்வைனு நெனைச்சேன்.

அண்ணன்: போர்வைதான். இப்போதைக்குத் திரை.

தங்கை: ஐயோ அண்ணா... உன்ன வச்சுகிட்டு... சரி, அந்தத் தக்காளிய இப்படித் தா. இது எந்தச் செடியில?

அண்ணன்: அந்த பெயின்ட் டப்பாவுல இருக்கே, அது.

தங்கை: அது தக்காளிச் செடின்னு நிச்சயமாத் தெரியுமா?

அண்ணன்: ...எல எதுவும் இல்லாம எப்படிச் சொல்றது? குச்சி மாதிரி இருக்கு. தக்காளிக் குச்சி இப்படித்தான இருக்கும்?

தங்கை: எனக்கென்ன தெரியும்? நான் துணிக்கட தெருவுல குடியிருக்கறவ. கட்டின பொண்டாட்டி இத்தன வருசமா வளக்கறா. ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கியா?

அண்ணன்: சாப்பிட்டிருக்கேன்.

தங்கை: அதான பாத்தேன்.

அண்ணன்: கிண்டல் பண்ணாத. இந்த முடிச்ச மூணு தடவ போட்டுட்டேன், நிக்க மாட்டேங்குது. இங்க பாரு.

தங்கை: சரி சரி... உக்காரு கொஞ்சம். ஒரு மாசத்துக்கு மேல ஆஸ்பத்திரியில கெடந்து, நெஞ்சத் தொறந்து மூடிட்டு வர்றவங்க. வந்ததும் வராததுமா தோட்டத்துக்கா ஓடி வருவாங்க? படுக்கத்தான் பாப்பாங்க.

அண்ணன்: உனக்கு அவளத் தெரியாது. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறாங்க. கதவுகிட்ட போயாச்சு. கையக் காட்டி நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டா. என்ன சொன்னா தெரியுமா?

தங்கை: உடம்பப் பாத்துக்கங்கன்னு.

அண்ணன்: அப்படிச் சொல்லியிருந்தா பரவால்லையே. "நான் திரும்பி வர்ற வரைக்கும் செடி வாடக்கூடாது. தெனம் வீட்டுக்குப் போயி நீங்களே உங்க கையால தண்ணி ஊத்தணும். செடி நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்"னு சொன்னா.

தங்கை: ம்...

அண்ணன்: சொல்லிட்டு உள்ள போயிட்டா. கதவச் சாத்திட்டாங்க.

தங்கை: அந்த முடிச்ச விடு, நான் போடறேன்.

அண்ணன்: இப்ப இந்தச் செடியப் பாரு. இது கண்ணுல பட்டா என்ன நெனைப்பா? நேத்து டாக்டர் கூப்பிட்டுத் தனியாச் சொன்னார். ஒடம்பு தேறிடுச்சு, மனசுதான் முக்கியம், எதுக்கும் அதிர்ச்சி அடைய விடாதீங்கன்னார். நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். இங்க வந்து பாத்தா...

தங்கை: இங்க வந்து பாத்தாவா? இன்னைக்குத்தான் பாத்தியா?

அண்ணன்: இன்னைக்கு... வெளிச்சத்துல பாத்தேன்னு சொல்றேன்.

தங்கை: அப்ப தெனம் இருட்டுலயா தண்ணி ஊத்தின?

அண்ணன்: ஊத்தினேன். தெனம் ஊத்தினேன். இன்னைக்குக் காலையிலகூட ஊத்திட்டுத்தான் வந்தேன்.

தங்கை: வந்தியா? எங்கேருந்து?

அண்ணன்: ...உள்ளேருந்து. என்ன, வக்கீல் மாதிரி கேள்வி கேக்கற? நூலப் புடி.

தங்கை: மண்ணு காஞ்ச ரொட்டி மாதிரி வெடிச்சுக் கெடக்கு அண்ணா.

அண்ணன்: வெயிலு. ஊத்த ஊத்த உறிஞ்சிடுது.

தங்கை: வாளி கவுந்து கெடக்கு. உள்ள சிலந்தி குடும்பம் நடத்துது.

அண்ணன்: அது வேற வாளி.

தங்கை: நீ ஊத்தின வாளி எங்க?

அண்ணன்: ...பூச்சி விழுந்துடுச்சு குருவி. வெள்ள வெள்ளயா, மாவு மாதிரி. அதான் எல்லாம் போச்சு.

தங்கை: இப்பத்தான வெயிலுன்ன?

அண்ணன்: வெயில்ல பூச்சி வராதா?

தங்கை: வரும், வரும். குடை புடிச்சுட்டு வரும். அந்தப் புதினாவப் பாரு.

அண்ணன்: எது?

தங்கை: துணி தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல. குழாய் சொட்டுற எடத்துல. என்னமா தளதளன்னு இருக்கு. அதுகிட்ட மட்டும் வெயிலும் போகல, பூச்சியும் போகலயா?

அண்ணன்: ...புதினா வாசனைக்குப் பூச்சி அண்டாது.

தங்கை: அடேயப்பா. இவ்ளோ தெரிஞ்சவனா இருக்கியே, தக்காளிக் குச்சி தெரியல.

அண்ணன்: அந்த வெள்ளரிக்காய எடு. கம்பிப் பந்தல்ல கட்டணும். நீ ஏறு, என் கழுத்து தூக்க வரல.

தங்கை: காலையிலேருந்து கேக்கணும்னு நெனைச்சேன். கழுத்து ஏன் ஒரு பக்கமா திரும்பியே நிக்குது?

அண்ணன்: தலகாணி சரியில்ல.

தங்கை: எந்தத் தலகாணி? நான் வந்ததும் கட்டில்ல போயி உக்காந்தேன். விரிப்புல ஒரு கசங்கல் இல்ல. தலகாணி மேல தூசி. தட்டினா தும்மல் வருது.

அண்ணன்: நான் தரையில படுக்கறேன்.

தங்கை: ஏன்?

அண்ணன்: அவ இல்லாம கட்டில்ல... விடு. ஏறு மேல. பாத்து, பாத்து. ஸ்டூலு ஆடும்.

தங்கை: புடிச்சுக்கோ. நீ ஆடாம இருந்தாப் போதும்... ஏய், இது என்ன?

அண்ணன்: என்ன? என்ன ஆச்சு? விழுந்துடாத!

தங்கை: நான் விழல. வெள்ளரிக்காயப் பாரு. முதுகுல.

அண்ணன்: என்னது அது... ஸ்டிக்கரா?

தங்கை: கடக்காரன் ஒட்டின ஸ்டிக்கர். கொடி ஸ்டிக்கரோட காய்ச்சதுன்னு சொல்லுவியா?

அண்ணன்: பிச்சிடு, பிச்சிடு! நல்லவேள பாத்த. எல்லாத்துலயும் இருக்கா பாரு... அடக்கடவுளே.

தங்கை: இப்ப என்ன?

அண்ணன்: இதே கடையிலதான் தெனம் வாங்கிட்டுப் போனேன்.

தங்கை: எங்க வாங்கிட்டுப் போன?

அண்ணன்: அவகிட்டதான். நம்ம தோட்டத்துல பறிச்சதுன்னு. ஒரு நாளைக்கு ரெண்டு வெண்டைக்காய், ஒரு நாளைக்கு ஒரு தக்காளி. சாப்பிட இல்ல, சும்மா காட்டத்தான். வாங்கி மோந்து பாப்பா. தலகாணிக்குப் பக்கத்துல வச்சுக்குவா. நர்சம்மா வந்து சத்தம் போடும்.

தங்கை: வெள்ளரிக்காயும் கொண்டுபோனியா?

அண்ணன்: கொண்டுபோனேனே... முதுகத் திருப்பிப் பாக்கவே இல்லயே. ஐயோ. அவ பாத்திருப்பாளா?

தங்கை: பாத்திருந்தா கேட்டிருக்க மாட்டாங்களா? சும்மா பயப்படாத. இத இன்னைக்குத்தான் புதுசா ஒட்ட ஆரம்பிச்சிருப்பான்.

அண்ணன்: அப்படியா சொல்ற?

தங்கை: நான் என்ன கடக்காரனா? உன் மனசு ஆறட்டும்னு சொன்னேன். அந்தப் பெரிய வெண்டைக்காய இப்படிக் கொடு. இது எப்படித் தொங்கும்? நுனி கீழயா, மேலயா?

அண்ணன்: காய்னா தொங்கத்தான செய்யும்? மாங்கா தொங்குது, பொடலங்கா தொங்குது. நுனி கீழ.

தங்கை: நிச்சயமா?

அண்ணன்: வெண்டைக்காய் மட்டும் விறைச்சுகிட்டு நிக்குமா என்ன? கீழ. கட்டு.

தங்கை: சரி, கீழ... இப்ப கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. எப்படி இருக்கு?

அண்ணன்: கண்ணப் பாதி மூடிட்டுப் பாத்தா நல்லா இருக்கு.

தங்கை: அண்ணியப் பாதி கண்ண மூடிட்டு வரச் சொல்லிடலாம். அண்ணா, நீயும் உன் மூஞ்சியும்... பேயறைஞ்சவன் மாதிரி இருக்க. போயி மொகங்கழுவிக் கொஞ்சம் பவுடராவது போடு. செடிய விட உன்னப் பாத்தாத்தான் அவங்களுக்கு அதிர்ச்சி ஆகும்.

அண்ணன்: பவுடர் எங்க இருக்கு?

தங்கை: உன் வீட்டுல பவுடர் எங்க இருக்குன்னு என்னைக் கேளு! அடுப்பங்கரை அலமாரியில மேல் தட்டுல ஒரு டப்பா பாத்தேன். போ. நான் இந்த ரெண்டு தக்காளியக் கட்டிடறேன்... ஆச்சா? ...அண்ணா? என்ன பண்ற உள்ள?

அண்ணன்: கொட்ட மாட்டேங்குது. ஆட்டினா கிலுகிலுங்குது.

தங்கை: பழசு. கட்டி தட்டியிருக்கும். தட்டித் தட்டிப் போடு.

அண்ணன்: போட்டுட்டேன். போதுமா பாரு.

தங்கை: ஹஹ... ஹஹ்ஹா...

அண்ணன்: என்ன, ஏன் சிரிக்கற?

தங்கை: சாம்பல், அண்ணா! மூஞ்சி பூரா சாம்பல்! இதுக்கு முன்னாடி இருந்ததே தேவல. தொடச்சுக்கோ... இரு, கண்ணுல படாம. அசையாத. சின்னப் புள்ள மாதிரி... இது என்ன சட்டப் பையில? பேனா மாதிரி குத்தி வச்சிருக்க?

அண்ணன்: ஒண்ணுமில்ல, விடு.

தங்கை: பல்லு தேய்க்கிற பிரஷ்.

அண்ணன்: மறதி. காலையில தேய்ச்சுட்டு அப்படியே...

தங்கை: பேஸ்ட்டும் இருக்கு. சோப்பு வேற, காகிதத்துல சுத்தி. வீட்டுக்குள்ள பல்லு தேய்க்கறவன் எதுக்கு இதெல்லாம் பையில வச்சுட்டுத் திரியறான்? அண்ணா, என்னப் பாரு. காலையில நான் வந்து எறங்கும்போது நீ பூட்டோட மல்லுக்கட்டிகிட்டு இருந்த. சாவி திரும்பல, எண்ணெய் விடணும்ன. தெனம் தொறக்கற பூட்டு எப்படி...

அண்ணன்: போன்! போன் அடிக்குது! எங்க வச்சேன்?

தங்கை: ஸ்டூலு மேல.

அண்ணன்: அவதான். என்ன சொல்றது? நீ பேசு.

தங்கை: உன் பொண்டாட்டி. நீ பேசு. ஸ்பீக்கர்ல போடு.

அண்ணன்: ஹலோ... ஆங், சொல்லும்மா. கெளம்பிட்டீங்களா?

அண்ணி: கெளம்பியாச்சுங்க. பாலத்துகிட்ட வந்துட்டோம். என்ன, மூச்சு வாங்குது உங்களுக்கு?

அண்ணன்: இல்லயே... வீட்டப் பெருக்கிட்டு இருந்தேன்.

அண்ணி: நீங்க? பெருக்கறீங்க?

தங்கை: நான் சாட்சி அண்ணி. பெருக்கிட்டே இருக்கார்.

அண்ணி: வந்துட்டியா நீ? அப்ப சரி. செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சாங்க?

அண்ணன்: ...ஊத்திட்டேன். காலையிலயே ஊத்திட்டேன்.

அண்ணி: நல்லா இருக்கா?

அண்ணன்: நல்லா இருக்கு. நல்லா... நிமுந்து நிக்குது.

அண்ணி: அப்ப வீடியோவுல காட்டுங்களேன். வர்ற வரைக்கும் பாத்துட்டே வர்றேன்.

அண்ணன்: வீடியோவா... சார்ஜ் இல்லம்மா. இதோ அணையப் போவுது.

தங்கை: வெயில் வேற கண்ணக் கூசுது அண்ணி. சரியாத் தெரியாது.

அண்ணி: உன் போன்ல காட்டேன்.

தங்கை: என்னோடதா? அது... கேமராவுல மாவு ஒட்டிக்கிச்சு.

அண்ணி: மாவா?

தங்கை: சமைச்சேன் அண்ணி. உங்களுக்குத்தான்.

அண்ணி: சரி சரி. ரெண்டு பேரும் அலட்டிக்காதீங்க. வந்து நேர்லயே பாத்துக்கறேன். மொதல்ல தோட்டம், அப்பறந்தான் கட்டில்.

அண்ணன்: இல்லம்மா, நீ மொதல்ல படுக்கணும், டாக்டர்... ஹலோ? ஹலோ? வச்சுட்டா.

தங்கை: மொதல்ல தோட்டமாம்.

அண்ணன்: கேட்டுச்சு.

தங்கை: பாலத்துலேருந்து எவ்ளோ நேரம் ஆகும்?

அண்ணன்: மாப்பிள்ளை ஓட்டினா வந்தாச்சுன்னு வச்சுக்க. குருவி, எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடலாமா? மாடு வந்து மேஞ்சுடுச்சுன்னு சொல்லிடலாம்.

தங்கை: மாடு கேட்டோட தாழத் தொறந்து வந்து, மேஞ்சுட்டு, மறுபடி தாழ் போட்டுட்டுப் போச்சா?

அண்ணன்: அப்ப என்னதான் பண்றது? சொல்லேன்! அவ இதப் பாத்து, அப்படியே நெஞ்சப் புடிச்சுகிட்டு உக்காந்துட்டா... நானே அவள... அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ஆயுசுக்கும் எங்கிட்ட எதுவும் கேக்காதவ, கேட்டது அது ஒண்ணு. அதச் செய்யல.

தங்கை: செய்யலயா? தெனம் தண்ணி ஊத்தினேன்னு சொன்ன?

அண்ணன்: அந்தப் போர்வை நழுவுது. இரு, இழுத்துக் கட்டிடறேன்.

தங்கை: அண்ணா. எங்கிட்ட சொல்லு. நான் ஒண்ணும் அண்ணிகிட்ட போட்டுக் கொடுக்க மாட்டேன். நீ இந்த வீட்டுல...

அண்ணன்: ஹாரன்.

தங்கை: பேச்ச மாத்தாத.

அண்ணன்: மாத்தல, நெசமா ஹாரன். வந்துட்டாங்க. நீ வாசலுக்குப் போ. கையப் புடிச்சு நேராக் கட்டிலுக்குக் கூட்டிட்டுப் போ. பின்பக்கம் விடாத. எதையாவது பேசிட்டே இரு. உனக்குச் சொல்லியா குடுக்கணும்?

தங்கை: நீ?

அண்ணன்: நான் இங்கயே நிக்கறேன். மறைச்சுகிட்டு.

தங்கை: தோட்டத்தையா? நீ இருக்கற ஒல்லிக்கு ஒரு வெண்டைச் செடியக்கூட மறைக்க முடியாது. சரி, போறேன்... வாங்க அண்ணி, வாங்க! மெதுவா, மெதுவா. படி இருக்கு. இந்தப் பக்கம், கட்டில் இந்தப் பக்கம்...

அண்ணி: என் வீட்டுல கட்டில் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? விடு கைய. நான் நல்லா நடக்கறேன். அவரு எங்க?

தங்கை: அவரா... பின்னாடி. இல்ல இல்ல, பின்னாடி இல்ல. கடைக்கு.

அண்ணி: பின்னாடியா?

தங்கை: அண்ணி, படுத்துக்கங்க அண்ணி. காபி போடறேன். அண்ணி! அண்ணா, வர்றாங்க!

அண்ணன்: ஏன்மா எழுந்து வந்த? உன்ன யாரு... மக எங்க, மாப்பிள்ளை எங்க?

அண்ணி: மாப்பிள்ளை மாத்திரை வாங்கப் போயிருக்காரு. மக வண்டியிலேருந்து சாமான எறக்கறா. நீங்க ஏன் கைய ரெண்டையும் விரிச்சுகிட்டு நிக்கறீங்க?

அண்ணன்: சும்மா... காத்தோட்டமா.

அண்ணி: நகருங்க.

அண்ணன்: வெயிலும்மா. நாளைக்குப் பாக்கலாமே. சாயங்காலம் பாக்கலாம். உள்ள போலாம் வா.

அண்ணி: நகருங்கன்னு சொன்னேன்.

அண்ணன்: நகர்றேன், நகர்றேன்... மெதுவாப் பாரும்மா.

தங்கை: அண்ணி, உக்காந்துக்கங்க. இதோ ஸ்டூலு. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. பதட்டப்படாதீங்க. பூச்சி விழுந்துடுச்சு, அதான். வெயிலு வேற. ஒரு மாடுகூட...

அண்ணன்: நீ சும்மா இரு குருவி... ஏம்மா? ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற? நெஞ்சுல வலிக்குதா? மகளக் கூப்பிடவா? ஏய், மாப்பிள்ளைக்குப் போன் போடு. தண்ணி கொண்டா. பேசும்மா. ஏதாவது பேசு.

அண்ணி: வெண்டைக்காய் எந்தக் காலத்துலங்க கீழ பாத்துத் தொங்கிச்சு?

அண்ணன்: ஆங்?

அண்ணி: மேல பாத்துதான் நிக்கும். வானத்தக் குத்தற மாதிரி. இத்தன வருசம் ஜன்னலோரமா உக்காந்து சாப்பிட்டீங்களே, ஒரு தடவகூடப் பாக்கலயா?

தங்கை: நான் கேட்டேன் அண்ணி. இவருதான் மாங்கா தொங்குது, பொடலங்கா தொங்குதுன்னாரு.

அண்ணி: இங்க பாரு, இதுல மட்டும் செம்புக் கம்பி. மூணு சுத்து சுத்தி முறுக்கி... இவரு முடிச்சு எனக்குத் தெரியாதா. தக்காளி வேற அவரைக் குச்சியில... ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. சிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தையல் பிரிஞ்சுடும்.

தங்கை: பிரிஞ்சா நான் தச்சுத் தர்றேன் அண்ணி. பச்ச நூல்தான் மிச்சம் இருக்கு.

அண்ணன்: சிரிக்கறியா நீ? நெசமாவே சிரிக்கறியா?

அண்ணி: பின்ன அழவா?

அண்ணன்: செடி எல்லாம் செத்துப்போச்சும்மா.

அண்ணி: சாகல. முடிஞ்சுபோச்சு.

அண்ணன்: ரெண்டும் ஒண்ணுதான?

அண்ணி: எப்படி ஒண்ணாகும்? வெண்டையும் வெள்ளரியும் ஆயுசுக்குமா காய்க்கும்? காய்க்கிற வரைக்கும் காய்ச்சுது, ஓய்ஞ்சுது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே கடைசிக் காயி. நாலஞ்ச முத்த விட்டு, விதை எடுத்து, சாம்பல்ல பொரட்டி வச்சுட்டுத்தான் போனேன். நீங்க குடம் குடமா ஊத்தியிருந்தாலும் இவ்ளோதான்... உங்க காதோரமா என்ன அது? சாம்பலா?

தங்கை: அது வந்து...

அண்ணி: என் பவுடர் டப்பாவத் தொட்டீங்களா?

அண்ணன்: பவுடர்னு நெனைச்சு...

அண்ணி: விதை கொட்டிச்சா?

அண்ணன்: கொட்டல, கொட்டல. சாம்பல் மட்டுந்தான். கிலுகிலுன்னு இருக்கு, பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வரவா?

அண்ணி: இருக்கட்டும். மூஞ்சிக்குத்தான போட்டீங்க. மழை வந்து மொளைக்காம இருந்தாச் சரி.

தங்கை: அண்ணி, அப்ப ஆபரேஷனுக்குப் போகும்போது செடி வாடக்கூடாதுன்னு ஏன் சொன்னீங்க? வாடத்தான் போகுதுன்னு தெரியும் இல்ல? இந்த மனுசன் அதக் கேட்டுட்டு எப்படி நடுங்கிட்டாரு தெரியுமா?

அண்ணி: வேற எப்படி இவர வீட்டுக்கு அனுப்பறது?

அண்ணன்: என்ன?

அண்ணி: ராத்திரியில வார்டுல ஆம்பளைங்க தங்கக்கூடாதுன்னுட்டாங்க. மக இருக்கா, நீங்க போங்கன்னு சொன்னா கேக்கற ஆளா? வார்டுக்கு வெளிய நடையில குந்திகிட்டு, சோறு தண்ணி இல்லாம, போற நர்சு வர்ற நர்சு மூஞ்சியெல்லாம் பாத்துட்டுக் கெடப்பாரு. சர்க்கர வேற இருக்கு. வீட்டுக்குப் போகன்னு ஒரு வேல இருக்கணும். தண்ணி ஊத்தணும்னா போவாரு. போனா ஒரு வாய் சாப்பிடுவாரு. ஃபேனப் போட்டுட்டு அவரு கட்டில்ல அவரு படுப்பாரு. அதுக்குத்தான்.

தங்கை: அப்ப, நம்ம தோட்டத்துல பறிச்சதுன்னு இவரு கொண்டாந்த காயி?

அண்ணி: காய் கொண்டாந்து காட்டும்போதே தெரியும், கடையில வாங்கினதுன்னு. கையில வாங்கினா ஃப்ரிட்ஜு ஜில்லுப்பு. ஒரு நாளு வெள்ளரிக்காயில ஸ்டிக்கர்.

அண்ணன்: பாத்துட்டியா?

அண்ணி: பிச்சுக் கட்டில் கம்பியில ஒட்டிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கும். சரி, செடி காஞ்சதப் பாத்துட்டாரு, பயந்துட்டாரு, சொல்ல வாய் வரலன்னு நெனைச்சுகிட்டேன். பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சொன்னா, நாளைலேருந்து வீட்டுக்குப் போக மாட்டீங்களேன்னு வாய மூடிகிட்டேன்.

தங்கை: அண்ணி...

அண்ணி: தூக்கம் வராதப்பல்லாம் அதத்தான் நெனைப்பேன். இந்நேரம் மனுசன் காஞ்ச குச்சிக்குத் தண்ணி ஊத்திட்டு, சாப்பிட்டுட்டு, கால நீட்டிப் படுத்திருப்பாருன்னு. அதுல ஒரு நிம்மதி. அப்படியே தூங்கிடுவேன்... கழுத்து என்ன, கோணிகிட்டு நிக்குது?

தங்கை: சட்டப் பையில அந்த பிரஷ்ஷ இன்னும் வச்சுட்டே நிக்கறியே அண்ணா.

அண்ணி: என்ன பிரஷ்? ஏங்க? என்ன, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கறீங்க?

அண்ணன்: வீட்டுக்கு வரலம்மா... ஒரு நாளும் வரல. உன் ஜன்னலுக்கு நேர் கீழ, சைக்கிள் நிறுத்தற எடத்துல ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கு. அங்கதான் இருந்தேன். மேல உன் லைட்டு அணைஞ்சாப் படுத்துக்குவேன். காலையில நீ கேப்பியே, செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னு... அதுக்கு மட்டும் பொய் சொல்ல பயமா இருந்துச்சு. பெஞ்சோரமா ஒரு செடி, என்ன செடின்னு தெரியாது, வாடிக் கெடந்துச்சு. தெனம் அதுக்கு ஊத்திட்டுத்தான் படியேறி வந்து உங்கிட்ட ஊத்திட்டேன்னு சொல்லுவேன். இன்னைக்குக் காலையிலகூட ஊத்திட்டுத்தான் வந்தேன்... அது வாடல.